கணுக்கால்களும் ஒரு கழுத்தும்

எங்கள் பல்கலைக்கழக ஃபுட்டி கிளப், அதாவது ஆஸ்திரேலியக் கால்பந்து கிளப், தன் வரலாற்றைப் புத்தகமாகப் போடப்போகிறது. அதற்காக என்னிடம் அரைப் பக்கம் கேட்டு மின்னஞ்சல் வந்தது. ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிவிட்டேன். நல்ல மனிதர்கள், நல்ல நினைவுகள், எல்லோருக்கும் நன்றி என்று ஒழுங்காகத்தான் வந்திருந்தது. வாசித்துப் பார்த்த என் மனைவி சாந்தி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இதில நீங்கள் எங்கையப்பா இருக்கிறீங்கள்?" என்று கேட்டாள். அரைப் பக்கத்துக்குள் அடங்காததை அதனால்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

நான் அந்த கிளப்பில் ட்ரெயினராக இருந்தவன். ட்ரெயினர் ஆட்டம் சொல்லிக்கொடுப்பவர் இல்லை. அதற்குப் பயிற்சியாளர் வேறு இருக்கிறார். ஆட்டத்துக்கு முன் கணுக்கால்களுக்கு டேப் சுற்றுவதும், ஆட்டம் நடக்கும்போது தண்ணீர்ப் போத்தலோடு உள்ளே ஓடுவதும், விழுந்தவனைப் போய்ப் பார்ப்பதும்தான் ட்ரெயினரின் வேலை. என் சம்பள உத்தியோகம் அதே பல்கலைக்கழகத்தின் மைதானங்களைப் பராமரிப்பது. திங்கள் முதல் வெள்ளி வரை புல்லோடு இருந்தேன், சனிக்கிழமை ஆட்களோடு. சென்ற வருடம் இரண்டிலிருந்தும் ஒன்றாக ஓய்வு பெற்றேன்.

மெல்பேர்ணுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் இந்த ஆட்டத்தைப் பார்த்தபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மைதானமும் முட்டை வடிவம், பந்தும் முட்டை வடிவம். பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். இரண்டு முனையிலும் நந்நான்கு கம்பங்கள். ஒருவன் இன்னொருவனுடைய தோளில் முழங்காலை ஊன்றி ஏறி, ஆகாயத்தில் பந்தைப் பிடிக்கிறான். நடுவர் கண்டிப்பார் என்று பார்த்தால், சனம் எழுந்து கைதட்டுகிறது. மைதானத்தின் கோடுகளை வரைந்தவன் நான்தான், ஆனால் அவை எதற்கு என்று எனக்குத் தெரியாது.

ஒரு சனிக்கிழமை காலை, மழையில் கரைந்துபோன எல்லைக்கோட்டைத் திரும்ப வரைந்துகொண்டிருந்தேன். கருநீலக் கம்பளிச் சட்டை போட்ட ஒரு சிறிய வெள்ளைக்கார அம்மா வந்து நின்று, கைகளைக் காட்டச் சொன்னார். காட்டினேன். நகங்களைப் பார்த்தார், விரல்களை மடக்கி விரித்துப் பார்த்தார். தன்னுடைய ஆள் ஒருவர் வரவில்லையாம், கையைக் கழுவிவிட்டு வரச் சொன்னார். அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு.

அவர் பெயர் மேவிஸ். ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை அறைத் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர், கிளப்பின் தலைமை ட்ரெயினர். என் பெயர் மகாநாதன். அதில் பின்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு அவர் என்னை "நேதன்" ஆக்கிவிட்டார். அது அவர்கள் ஊர்ப் பெயராகவும் இருந்ததால் கிளப்பில் எவருக்கும் சந்தேகம் வரவில்லை.

மேவிஸிடம் நான் பழகிய இரண்டு வருடத்தைச் சுருக்கமாகச் சொல்வதானால், அவர் வெட்டினார், நான் திரும்பச் சுற்றினேன். கணுக்காலுக்கு டேப் சுற்றுவதற்கு ஒரு முறை இருக்கிறது. ஆட்டக்காரன் மேசையில் காலை நீட்டியிருக்க வேண்டும். பாதம் கணைக்காலுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும், சற்றுத் தொய்ந்தாலும் சுற்றியதெல்லாம் வீண். முதலில் கணுக்காலுக்கு மேலே இரண்டு வளையம். அதிலிருந்து உட்பக்கமாக இறங்கி, குதிக்காலுக்கு அடியில் போய், வெளிப்பக்கமாக ஏறும் மூன்று பட்டைகள். ஒவ்வொன்றும் முன்னதன் பாதியை மூட வேண்டும். பிறகு குதிக்காலை இரண்டு பக்கமும் பூட்டுவது. கடைசியில் பெருவிரல் நகத்தை அழுத்திவிட்டால், வெளுத்த இடத்தில் இரத்தம் உடனே திரும்பிவர வேண்டும். டேப்பைக் கத்தரிக்கோலால் வெட்டக்கூடாது, விரல் நுனியில் கிள்ளிக் கிழிக்க வேண்டும். கத்தரிக்கோலை மேவிஸ் தன்னிடமே வைத்திருந்தார்.

நான் சுற்றி முடித்ததும் வருவார். கட்டைவிரலால் விளிம்புகளைத் தடவிப் பார்ப்பார். எங்காவது ஒரு மடிப்புத் தட்டுப்பட்டால் ஒன்றும் சொல்லாமல் மேலிருந்து கீழ்வரை வெட்டி எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார். சிறிய மடிப்பு அரை மணி நேர ஓட்டத்தில் கொப்புளமாகும் என்பதை அவர் எனக்குச் சொன்னதில்லை. ஆட்டம் முடிந்து டேப்பைப் பிரிக்கும்போது நானே கண்டுகொண்டேன். பாராட்டும் அவரிடம் கிடையாது. ஒருநாள் தடவிப் பார்த்துவிட்டு வெட்டாமல் போனார். அன்று வீட்டுக்கு வரும் வழியில் ஸ்பிரிங்வேல் சந்தையில் இறங்கி, சாந்திக்குப் பிடித்த பெரிய மீனாகப் பார்த்து வாங்கிக்கொண்டு போனேன்.

அவர் குரலை உயர்த்தியும் நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் "டியர்" என்று சொல்வார். மேவிஸ் ஒருவரை "டியர்" என்று கூப்பிட்டால் பக்கத்தில் நிற்பவர்கள் மெல்ல நகர்ந்துவிடுவார்கள்.

முதலுதவி வகுப்புக்கும் அவர்தான் என்னை அனுப்பினார். கழுத்தில் அடிபட்டவனை எப்படிப் பிடிப்பது என்று அங்கே ஒருவரையொருவர் படுக்கவைத்துப் பழகினோம். என்னை ஏதோ செய்த பாடம் அது. ஊரில் ஒருமுறை என் நண்பன் ஒருவன் லொறியிலிருந்து விழுந்துவிட்டான். நாங்கள் நான்கு பேர் ஓடிப்போய்க் கையையும் காலையும் பிடித்து அவனைத் தூக்கினோம். அவனைக் காப்பாற்ற வேண்டும் என்ற அவசரத்தில்தான் தூக்கினோம். ஆஸ்பத்திரியில் டொக்டர் முதலில் கேட்டது, "ஆர் தூக்கினது?" என்று. அவன் பிறகு நடக்கவில்லை. வகுப்பில் படிப்பித்தவரிடம் நான் இதைச் சொல்லவில்லை. பயிற்சியை மட்டும் மற்றவர்களைவிட இரண்டு தடவை கூடுதலாகச் செய்தேன்.

அது பயன்பட்ட நாளைச் சொல்கிறேன். மேவிஸுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை நடந்த வருடம். மைதானத்துக்குள் ஓட அவரால் முடியாததால், அந்தப் பருவம் முழுக்க முதல் அணிக்கு நான் பொறுப்பு. அவர் குடையோடு எல்லைக்கோட்டுக்கு வெளியே ஒரு கதிரையில் இருப்பார்.

சுற்றுப்போட்டிகளில் கடைசி ஆட்டம் அது. வென்றால் இறுதிச் சுற்றுகளுக்குள் போகலாம். எங்கள் கிளப் அங்கே போய்ப் பல வருடங்களாகியிருந்தன. எங்கள் பையன்கள் ஆட்டத்துக்குச் சம்பளம் வாங்குகிறவர்கள் இல்லை. பகலில் விரிவுரை, மாலையில் ஏதாவது கடையில் வேலை, இருட்டின பிறகு பயிற்சி. ஒரு குளிர்காலம் முழுக்க அப்படி ஓடியிருந்தார்கள். நான்கு குவாட்டர்களில் மூன்றாவதில் இரண்டு கோல் முன்னால் நின்றோம். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது.

எதிரணியில் ரயன் என்று ஒரு பையன், பத்தொன்பது வயதிருக்கும். பின்னால் ஓடியபடி, மேலே வந்த பந்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு பாய்ந்தான். முன்னாலிருந்து ஓடிவந்த எங்கள் ஆளின் இடுப்பில் அவன் தலை மோதியது. இரண்டு பேரும் வேண்டுமென்று செய்யவில்லை. எங்கள் ஆள் எழுந்துவிட்டான். ரயன் எழவில்லை.

அவர்கள் பக்கம் பயிற்சி பெற்ற ட்ரெயினர் எவரும் அன்று இல்லை. யாரோ ஒரு பையனின் தகப்பன் தண்ணீர்ப் போத்தலோடு நின்றவர், முதலில் ஓடிப்போய் ரயனின் கையைப் பிடித்து உட்காரவைக்கப் பார்த்தார். விடச் சொல்லிக் கத்தினேன். மைதானத்தில் நான் கத்தியது அன்று மட்டும்தான்.

அவன் பார்வைக்கு நேரே வரும்படி நடந்து போனேன். பக்கத்திலிருந்து போனால் யார் வருவது என்று பார்க்கக் கழுத்தைத் திருப்பிவிடுவான். தலையசைக்காமல் வாயால் மட்டும் பதில் சொல்லச் சொன்னேன். அவன் தலைமாட்டில் முழந்தாளிட்டு, இரண்டு முழங்கைகளையும் சேற்றில் ஊன்றி, தலையை இரு பக்கமும் பிடித்தேன். காதுகளை மூடாமல் பிடிக்க வேண்டும், நாம் சொல்வது அவனுக்குக் கேட்க வேண்டும். கழுத்தின் பின்னால் நோகிறது என்றான். கால்விரல்களை அசைக்க முடிந்தது. இரண்டு கைவிரல்களிலும் எறும்பு ஓடுவதுபோல இருக்கிறது என்றான். அது நரம்பில் அடிபட்டதன் அடையாளமாக இருக்கலாம். அம்புலன்ஸ் வரும்வரை இந்த இடத்தை விட்டு அசைவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

பெருந்தெருவில் ஏதோ விபத்து, அம்புலன்ஸ் வரத் தாமதமாகும் என்று தகவல் வந்தது. பத்து நிமிடம் போனது. பதினைந்து போனது. நடுவர் வந்து குனிந்து பார்த்துவிட்டு, எங்கள் பயிற்சியாளர் கிரெக்கிடம் விதியைச் சொன்னார். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆட்டம் தொடராவிட்டால் கைவிடப்பட்டதாக அறிவிக்க வேண்டும், புள்ளிகள் இரண்டு அணிக்கும் பாதிப் பாதி. பாதிப் புள்ளி எங்களுக்குப் போதாது.

கிரெக் கெட்டவர் இல்லை. அந்த அணியை ஐந்து வருடம் பாடுபட்டுக் கட்டியவர். என் பக்கத்தில் முழந்தாளிட்டு, மெதுவான குரலில் கேட்டார். ஆறு பேர் பிடிக்கலாம், ஸ்ட்ரெச்சர் இருக்கிறது, எல்லைக்கோடு பதினைந்து மீற்றர்தான், கவனமாகக் கொண்டுபோகலாம் என்றார். எங்களிடம் இருந்தது கித்தான் துணி ஸ்ட்ரெச்சர், நடுவில் தொய்யும். முடியாது என்றேன். இன்னும் ஒருமுறை கேட்டார். அவர் முகத்தைப் பார்த்தால் மனம் இளகிவிடும் என்று நான் ரயனின் நெற்றியையே பார்த்துக்கொண்டு முடியாது என்றேன். எங்கள் பையன்கள் என்னைச் சுற்றி நெருங்கி நின்றார்கள்.

மேவிஸ் ஊன்றுகோலும் குடையுமாகச் சேற்றில் மெல்ல நடந்து வந்து சேர்ந்தார். கிரெக் நிமிர்ந்து, "மேவிஸ், நீங்களாவது இவரிடம் சொல்லுங்கள்" என்றார்.

"தலை நேதனின் கையில் இருக்கிறது, டியர்," என்றார் மேவிஸ். "தலையைப் பிடித்திருப்பவர்தான் சொல்வார். மற்றவர்கள் கேட்பார்கள்."

பிறகு குடையை விரித்து ரயனின் முகத்துக்கு மேல் பிடித்துக்கொண்டார். நான் நனைந்துகொண்டுதான் இருந்தேன். அது சரியான முறை, குடை அவனுக்குத்தான்.

நடுவர் ஆட்டத்தைக் கைவிட்டதாக அறிவித்தார். ஒரு பையன் போத்தலைக் காலால் உதைத்தான். மற்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. உள்ளே போனவர்களில் சிலர் தங்கள் கோட்டுகளையும் துவாய்களையும் கொண்டுவந்து ரயன்மீது போர்த்திவிட்டு, காற்று வரும் பக்கம் வரிசையாக நின்றார்கள். போத்தலை உதைத்தவனும் அதில் நின்றான்.

ரயன் என்னிடம், தான் திரும்ப நடப்பானா என்று கேட்டான். "எனக்குத் தெரியாது," என்றேன். "உன் தலை இப்போது அசையவில்லை. அது எனக்குத் தெரியும்." அவன் கண்ணோரத்தில் வழிந்தது மழையா என்று நான் பார்க்கப் போகவில்லை. ஏதாவது பேசிக்கொண்டிருக்கும்படி கேட்டான். கோல் கம்பங்களிலிருந்து ஐம்பது மீற்றரில் வரும் வளைகோட்டைக் கயிறு கட்டி எப்படி வரைவது என்று விளக்கினேன். அது முடிந்ததும் என் ஆங்கிலமும் முடிந்துவிட்டது. வீட்டில் என்ன மொழி பேசுவேன் என்று கேட்டான். அதில் எண்ணிக் காட்டச் சொன்னான். ஒண்டு, ரெண்டு, மூண்டு என்று பத்து வரை சொன்னேன். திரும்பச் சொன்னேன். அவன் உதடுகளை மட்டும் அசைத்து என் பின்னால் சொல்லிவந்தான். ஏழுக்குப் பிறகு அவனுக்குத் தடுமாறியது.

அம்புலன்ஸ் வந்தபோது ஐம்பது நிமிடமாகியிருந்தது. வந்த பெண் தன் கைகளை என் கைகளுக்கு வெளியே வைத்து, தான் பிடித்துவிட்டதாகச் சொன்னாள். நான் விட்டேன், ஆனால் என் விரல்கள் நீளவில்லை. உடைமாற்றும் அறையில் மேவிஸ் வெந்நீரில் துவாயை நனைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்து நீட்டிவிட்டார். வீட்டில் தேநீர்க் கோப்பையை என்னால் தூக்க முடியாமல் இருந்ததைச் சாந்தி பார்த்தாள். "என்னப்பா நடந்தது?" என்றாள். சொன்னேன். கோப்பையைத் தானே பிடித்து எனக்குப் பருக்கிவிட்டு, "அந்தப் பிள்ளையின்ர தாய்க்கு ஆராவது சொன்னவையோ?" என்று மட்டும் கேட்டாள்.

கழுத்தில் ஓர் எலும்பில் வெடிப்பு விழுந்திருந்தது, நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்று இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது. அன்று கழுத்துத் திரும்பியிருந்தால் கதை வேறு என்று டொக்டர் சொன்னதாக அவன் தாய் தொலைபேசியில் அழுதுகொண்டே சொன்னார். எங்கள் அணி இறுதிச் சுற்றுகளுக்குப் போகவில்லை. புத்தகத்தின் வரைவில் அந்த வருடத்துக்கு, "மழையால் ஒரு ஆட்டம் கைவிடப்பட, மயிரிழையில் வாய்ப்பை இழந்தது" என்று ஒரு வரி இருக்கிறது. திருத்தச் சொல்லவில்லை. மழை பெய்தது உண்மைதானே.

கிரெக் இரண்டு கிழமை என்னோடு பேசவில்லை. மூன்றாவது கிழமை, நான் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது வந்து மேசையில் ஏறி உட்கார்ந்தார். "நீ அவனை நகர்த்த வேண்டும் என்று நான் விரும்பினேன், நேதன். தினமும் அதுதான் நினைவில் வருகிறது," என்றார். ஆட்டத்தை விரும்பியதில் குற்றம் இல்லை என்று சொன்னேன். அடுத்த முதலுதவி வகுப்பில் அவர் முதல் வரிசையில் இருந்தார். அதோடு டேப் சுற்றவும் பழகுகிறேன் என்று வந்து, மேவிஸின் கத்தரிக்கோலுக்கு நிறைய வேலை கொடுத்தார்.

அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு ரயன் தாயோடு வந்தான், தன் கால்களால் நடந்து. இனி ஆடக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். எனக்குக் கை கொடுத்துவிட்டு, ஒண்டிலிருந்து பத்து வரை சொல்லிக் காட்டினான். எட்டும் ஒன்பதும் எங்கிருந்து கற்றாய் என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்துத் தாதி ஒருவர் இருந்தாராம்.

கிளப்பில் பெண்கள் அணி தொடங்கியபோது வந்த ஒரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும், புத்தகத்தில் அது வராது. கேரம் டவுன்ஸில் இருக்கும் எங்கள் கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தபோது பாலேந்திரன் என்பவர் என்னை மறித்தார். அவருடைய மகள் மிதுலா எங்கள் அணியில் சேர்ந்திருந்தாள்.

"அண்ணை, உங்களைத்தான் தேடினனான். பொம்பிளைப் பிள்ளை சேத்துக்க விழுந்து எழும்புற விளையாட்டே இது? முழங்கால் சரியில்லை, ஆடேலாதெண்டு நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் நிண்டிடுவாள்."

"முழங்கால் நல்லா இருக்குது தம்பி. இல்லாததை நான் சொல்லமாட்டன். நீங்கள் சனிக்கிழமை ஒருக்கா வந்து பாருங்கோ."

வந்தார். யூக்கலிப்டஸ் மரங்களுக்குக் கீழே, எவரையும் தெரியாதவர்போல் நின்றார். இரண்டாவது குவாட்டரில் மிதுலாவை ஒருத்தி பிடித்துத் தரையில் சாய்த்தாள். பாலேந்திரன் எல்லைக்கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள் மூன்று அடி வைத்துவிட்டார். மிதுலா எழுந்து, முகத்துச் சேற்றைத் துடைத்துக்கொண்டு, தனக்கு ஒன்றுமில்லை, வெளியே போங்கள் என்று ஆங்கிலத்தில் தகப்பனைத் துரத்தினாள். பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். மறுகிழமை முதல் தோடம்பழங்களை, அதுதான் ஆரஞ்சுகளை, நாலாக வெட்டி ஒரு பெரிய சட்டியில் கொண்டுவருவார். அவள் பட்டம் பெற்று அடிலெய்டுக்குப் போன பிறகும் அந்தச் சட்டி வருவது நிற்கவில்லை.

மேவிஸ் எண்பத்தொரு வயதில் காலமானார். தேவாலயத்தில் சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் நானும் ஒருவன், கிரெக் எனக்கு முன்னால். இறக்கிவைத்த பிறகு அவருடைய மகள் என்னிடம் வந்து, அம்மா வீட்டில் என்னைப் பற்றி அடிக்கடி சொல்வார் என்றாள். என்ன சொல்வார் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. நல்லதாகத்தான் இருக்கும்.

இந்தக் குளிர்காலத்தில்தான் முதல்முறையாகச் சாந்தியோடு பார்வையாளனாகப் போனேன். இத்தனை வருடமும் அவள் ஒரு ஆட்டத்துக்கும் வந்ததில்லை, சேறு பிடித்த உடுப்புகளைத் தோய்த்ததோடு சரி. மடித்துக் கொண்டுபோன கதிரைகளை எல்லைக்கோட்டருகே விரித்து, ஃபிளாஸ்க் தேநீரோடு உட்கார்ந்தோம். அவளுக்கு ஆட்டத்தை விளக்கத் தொடங்கியபோதுதான் எனக்கே ஒன்று புரிந்தது. நான் ஒரு ஆட்டத்தையும் சரியாகப் பார்த்ததில்லை. பந்து போன பக்கம் எல்லோரும் பார்ப்பார்கள். ட்ரெயினர் பந்து விட்டுப்போன இடத்தைப் பார்க்க வேண்டும், அங்கேதான் யாராவது விழுந்து கிடப்பார்கள். எத்தனையோ வெற்றி கோல்கள் என் முதுகுக்குப் பின்னால் விழுந்திருக்கின்றன.

கடைசிக் குவாட்டரில் எங்கள் ஆள் ஒருவன் பந்தை உதைத்துவிட்டு, மோதி விழுந்தான். பந்து உயரே போனது. சனமெல்லாம் எழுந்தது. சாந்தியும் எழுந்துவிட்டாள். நான் குனிந்து, எழுந்து நின்றவர்களின் கால்களுக்கு இடையால் அவன் விழுந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் தோளைத் தட்டினாள்.

"பந்து அங்கால போயிட்டுதப்பா."

"தெரியும். இவன் எழும்பட்டும்."

அவன் முழங்காலை ஊன்றி எழுந்து ஓடினான். அதன் பிறகுதான் நிமிர்ந்து, கோலா என்று கேட்டேன். ஓம் என்றாள்.